வாசலைத் தட்டாமல் வரும் ஈட்டுக் கடன்: மின்னஞ்சல் விளம்பரத்திற்குச் சட்டம் விதிக்கும் எல்லை

மட்டக்களப்பு வாவியை நடுவே வைத்து, கடலோரப் பக்கத்தை எழுவான்கரை என்றும் உள்நாட்டுப் பக்கத்தை படுவான்கரை என்றும் பிரித்துப் பேசுவது இப்பிரதேச மக்களின் நெடுங்கால வழக்கம். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பைக் கடப்பது ஒரு காலத்தில் எளிதான காரியமாக இருக்கவில்லை. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். கடன் கொடுப்பவரும் கடன் கேட்பவரும் ஒருவரையொருவர் காண்பதற்கு அப்போது ஒரு துறையைக் கடக்க வேண்டியிருந்தது. இன்று கடன் அழைப்பிற்குப் பாலமும் தேவையில்லை, பாதையும் தேவையில்லை. ‘உங்கள் வீட்டு உறுதிக்கு உடனடிக் கடன்’ என்ற வாசகம் கையடக்கத் தொலைபேசியில் குறுஞ்செய்தியாகவோ, வட்ஸ்அப் செய்தியாகவோ, வெளிநாட்டில் வாழும் பிள்ளையின் மின்னஞ்சலாகவோ வந்து சேர்ந்துவிடுகின்றது.

இவ்வாறு கேளாமலே வந்து சேரும் அழைப்புகளுக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை யாது, அவற்றை அனுப்பும் நிறுவனங்கள் எவற்றுக்குக் கட்டுப்பட்டுள்ளன, அவற்றைப் பெறுபவர் என்ன செய்யலாம் என்பவை பற்றித் தமிழில் போதியளவு எழுதப்படவில்லை. சவர்க்காரத்தையோ சேலையையோ விற்க வரும் விளம்பரத்தைப் போன்றதன்று, ஒருவரது குடியிருப்பை ஈடாக வைக்கத் தூண்டும் விளம்பரம். முன்னையதை நம்பி ஏமாந்தால் சில நூறு ரூபாவுடன் நட்டம் முடிந்துவிடும். பின்னையதை நம்பி ஏமாந்தால் வீடே போய்விடக்கூடும்.

இதில் மட்டக்களப்பிற்கெனத் தனியானதொரு காரணமும் உண்டு. வாவிக் கரையோரத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலுமே வீடு பெண் பிள்ளைக்கு உரியதாகும். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகுமுன் வீடு கட்டி அவளது பெயரில் உறுதி எழுதிக் கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகின்றது. மணமகன் அவ்வீட்டிற்கு வந்து குடியேறுகின்றான். 1876 இல் பிறிற்றோ என்பவர் தொகுத்து வெளியிட்ட முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையை விவரிப்பதாகும். அச்சட்டம் நீதிமன்றங்களில் வழக்கொழிந்துவிட்ட போதிலும், தாய்வழியாக வீடு செல்லும் வழமை ஒழிந்துவிடவில்லை. ஆகவே இங்கு ஒரு வீடு ஈடு வைக்கப்படுகின்றது என்றால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் சீதனச் சொத்தே ஈடு வைக்கப்படுகின்றது. கடனைக் கேட்டவர் கணவராகவோ சகோதரராகவோ இருக்கலாம். கையொப்பம் இடுபவர் அவளே. விளம்பரச் செய்தி வந்து சேரும் தொலைபேசி இலக்கம் யாருடையது என்ற கேள்வி இதனால் சாதாரண கேள்வியாக இருப்பதில்லை.

செய்திக்கும் உறுதிக்கும் இடையிலான தூரம்

மின்னஞ்சலாலோ குறுஞ்செய்தியாலோ ஒருவரது காணி ஈடாகிவிடுமா என்று அச்சத்துடன் கேட்பவர்கள் உண்டு. ஆகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தின் மீதான ஈடு எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட்டால் மட்டுமே வலிதாகும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியபோதிலும், அசையாச் சொத்தை விற்பதற்கோ அச்சொத்திலுள்ள உரித்தைக் கைமாற்றுவதற்கோ ஆன ஒப்பந்தங்களைத் தனது 23 ஆம் பிரிவில் தெளிவாக விலக்கி வைத்துள்ளது. ஆகவே ‘ஆம்’ என்று பதில் அனுப்பியதால் மட்டும் எவரும் வீட்டை இழந்துவிடுவதில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பில் மயங்கிவிடவும் கூடாது. நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் அமரும் வேளையில் பெரும்பாலோர் ஏற்கனவே தீர்மானித்துவிட்டிருப்பர். செயலாக்கக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கும். காணி மதிப்பீடு முடிந்திருக்கும். கல்யாணத்திற்கோ வெளிநாட்டுப் பயணத்திற்கோ நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் உறுதியை வாசித்துக் காட்டினாலும் பின்வாங்குபவர் அரிது. மனம் இசைந்தது முதலாவது செய்தியைப் பார்த்தபோதே என்பதுதான் உண்மை. அதனாலேயே கடன் விளம்பரத்தைக் கடன் ஒப்பந்தத்தின் முதற் பக்கமாகவே சட்டம் நோக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

ஒப்பந்தம் ஆன பின்னர் என்ன நடக்கும் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின் கீழ் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, தீர்ப்பைப் பெற்றே சொத்தை விற்கலாம். எனினும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வங்கிகளின் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் பேரில் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குச் சில வரையறைகளுடன் வழங்கியுள்ளது. ‘பராட்டே’ என்று வர்த்தகர்கள் குறிப்பிடுவது இதனையே. பொருளாதார நெருக்கடியின் தாக்கத்தால் 2024 இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. அந்த இடைநிறுத்தம் 2025 மார்ச் இறுதியுடன் முடிவுக்கு வந்தது.

2022 ஆம் ஆண்டின் சட்டம் என்ன சொல்கின்றது?

2022 மார்ச் 19 ஆம் திகதி சான்றுரைப்படுத்தப்பட்ட 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடயத்தில் பிரதானமானது. அதன் நான்காம் பாகம், ஒருவரது தனிப்பட்ட விபரங்களைப் பயன்படுத்தி அவருக்குச் செய்திகள் அனுப்புவதைப் பற்றியே பேசுகின்றது. தபால், தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என எவ்வழியாக அனுப்பினாலும் பெறுபவரின் சம்மதம் முன்கூட்டியே பெறப்பட்டிருக்க வேண்டும். அச்சம்மதம் எந்த வழிக்கு அளிக்கப்பட்டதோ அந்த வழிக்கே செல்லும். தொடர்பு விபரத்தைச் சேகரிக்கும் வேளையிலும், பின்னர் ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும், இனி வேண்டாம் என்று மறுப்பதற்கான வழியைக் கட்டணமின்றி அறிவிக்க வேண்டும். செய்தி எத்தன்மையானது, யாருக்காக அனுப்பப்படுகின்றது என்பதும் மறைக்கப்படக் கூடாது. இவ்வகைச் செய்திகளைப் பெறுபவர் பார்த்தவுடன் இனங்காணும் வகையில் குறியீடுகளை விதிக்கும் அதிகாரமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அளிக்கப்பட்டுள்ளது. பணிப்புரையை மீறும் நிறுவனத்தின் மீது ஒவ்வொரு மீறலுக்கும் 10 மில்லியன் ரூபா வரை தண்டம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கின்றது.

‘சம்மதம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியுள்ளது. சுயமாக, குறிப்பிட்ட நோக்கத்திற்காக, விபரம் அறிந்து, ஐயத்திற்கு இடமின்றி அளிக்கப்பட்டதே சம்மதம் என இச்சட்டம் வரையறுக்கின்றது. எடுத்துக்காட்டாக, படுவான்கரையில் வாழும் ஒரு குடும்பத் தலைவி விதைப்புச் செலவுக்காகத் தமது காப்பை அடகு வைக்கும்போது தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கின்றார் என்று கொள்வோம். நகையை மீட்கும் தவணையை அறிவிப்பதற்காகவே அவ்விலக்கம் பெறப்பட்டது. ஆறு மாதம் கழித்து அதே இலக்கத்திற்கு வீட்டு உறுதிக்கான கடன் விளம்பரம் அனுப்பப்படுமாயின், அந்த அம்மையார் அதற்குச் சம்மதித்தவராகிவிடுவாரா? விண்ணப்பப் படிவத்தின் அடியில், அவரால் வாசிக்க இயலாத மொழியில், ‘எமது ஏனைய சேவைகள் பற்றி அறிவிக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருந்தது என நிறுவனம் வாதாடலாம். விபரம் அறியாத சம்மதம் சம்மதமன்று என்பதே அதற்கான பதில். அந்தச் சதுரத்தில் முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்டிருந்தால் வாதம் மேலும் பலவீனமடையும்.

இச்சட்டத்தின் வரலாறு ஒரு நீண்ட காத்திருப்பின் வரலாறு என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதிகாரசபையை நிறுவும் பாகம் 2023 ஜூலையிலும், தண்டம் முதலியவை பற்றிய பாகங்கள் 2023 டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. பிரதான கடப்பாடுகளும் உரிமைகளும் அடங்கிய பாகங்கள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அத்திகதி நெருங்கிய வேளையில் அக்கட்டளை மீளப்பெறப்பட்டது. செய்திகள் பற்றிய நான்காம் பாகத்திற்கு ஆரம்பச் சட்டமே 48 மாதம் வரை அவகாசம் அளித்திருந்தது. பின்னர் 2025 ஒக்டோபர் இறுதியில் சான்றுரைப்படுத்தப்பட்ட 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், திகதி குறிக்கும் பொறுப்பை அமைச்சரின் வர்த்தமானிக் கட்டளைக்கு விட்டது. ஆதலால் எந்தப் பாகம் எந்நாளில் இருந்து செல்லும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வர்த்தமானியைப் பார்த்தே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த இழுபறியைக் காரணம் காட்டி, சட்டம் முழுமையாக வரும் வரை எதையும் அனுப்பலாம் என்று எண்ணுவது பெருந்தவறாகும். ஏற்கனவே நடைமுறையிலுள்ள சட்டங்கள் சில உண்டு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, கணினியிலிருந்து அதிகாரமின்றிப் பெறப்பட்ட தகவல் என அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அதை வாங்குவதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளது. சிறைத்தண்டனையும் அதற்குண்டு. தொலைபேசி இலக்கங்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அடங்கிய பட்டியலை யாரோ ஒருவரிடம் மலிவாக வாங்கி விளம்பரம் அனுப்பும் கிளை முகாமையாளர், அப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேளாதிருப்பது அவரைக் காப்பாற்றப் போவதில்லை. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டம் வங்கி உத்தியோகத்தர்கள் வாடிக்கையாளர் விடயங்களில் இரகசியம் பேண வேண்டுமென 77 ஆம் பிரிவில் விதித்துள்ளது. ஒரு வங்கியை விட்டு மற்றொரு நிறுவனத்தில் சேரும் ஊழியர் பழைய வாடிக்கையாளர் பட்டியலையும் கையோடு கொண்டு செல்வது அச்சட்டத்தின் நோக்கத்திற்கே முரணானதாகும்.

இவற்றோடு, 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய வங்கியின் மேற்பார்வையிலுள்ள வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைச் செய்யக் கூடாது என்பதும், நுகர்வோரின் தகவல்களைப் பேணிக் காக்க வேண்டும் என்பதும், அவர் விரும்பும் மொழியில் விபரங்களை வழங்க வேண்டும் என்பதும் அதன் சாரமாகும். மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் விளம்பரமே. பத்திரிகையில் அச்சிடத் தயங்கும் வாசகத்தைத் தொலைபேசியில் அனுப்பலாம் என்ற சலுகை எவருக்கும் இல்லை.

வட்டியைச் சொல்லும் விதம்

விளம்பரச் செய்திகளில் அதிகம் ஒளித்து வைக்கப்படுவது வட்டிதான். ‘மாதம் 1.5 வீதம் மட்டுமே’ என்று ஒரு செய்தி வருமாயின், பன்னிரண்டால் பெருக்கி வருடத்திற்கு 18 வீதம் என்று நாம் கணக்கிட்டுக்கொள்கிறோம். கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 5 இலட்சம் ரூபாவை 5 வருடத்திற்குப் பெறுகின்றோம். 1.5 வீத வட்டி, குறைந்து செல்லும் மீதிக்கு அன்றி, ஆரம்பத் தொகை முழுமைக்கும் இறுதி வரை அறவிடப்படுகின்றது. அப்படியாயின் மாதம் 7,500 ரூபா வீதம் 60 மாதத்திற்கு வட்டி மாத்திரம் 450,000 ரூபா. முதலும் வட்டியும் சேர்ந்து 950,000 ரூபா. மாதத் தவணை ஏறத்தாழ 15,833 ரூபா. தவணைதோறும் முதலில் ஒரு பகுதியை நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், வட்டியோ குறையவில்லை. உண்மையான வருடாந்தப் பயனுறு வட்டி வீதத்தைக் கணித்தால் அது 33 வீதமளவில் வந்து நிற்கும். 18 என்று நினைத்தது 33 ஆக மாறுகின்றது. செய்தியிலுள்ள எண்ணில் பொய் இல்லை என்று நிறுவனம் கூறலாம். அது எந்தத் தொகையின் மீது கணிக்கப்படுகின்றது என்பதைச் சொல்லாமல் விட்டதே தவறாக வழிநடத்தலாகும்.

இதனாலேயே வருடாந்தப் பயனுறு வட்டி வீதம், மொத்தமாகத் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை, நொத்தாரிசுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றை ஈட்டுக் கடன் விளம்பரம் எதுவாயினும் அதிலேயே குறிப்பிட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியுள்ளது. 160 எழுத்துகளுக்குள் இவ்வளவும் அடங்காது என்பது சாக்கு. தமிழ் எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 70 எழுத்துகளுக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அதைவிட நல்ல சாக்கு. அடங்காதாயின், வட்டி வீதத்தைக் கூறாமல் கிளைக்கு வந்து விபரம் பெறுமாறு மட்டும் கூறுவதே நேர்மையானது. பாதி எண்ணைக் கூறுவது அன்று.

காணியின் தன்மை பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. வாவியின் மேற்குக் கரையில் பலர் வாழ்வது அரச காணி அனுமதிப்பத்திரத்தின் பேரிலாகும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான முன்சம்மதமின்றிக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ இயலாது. ‘எவ்வகைக் காணிக்கும் கடன்’ என்று ஒரு செய்தி கூறுமாயின் அது சட்டத்தால் இயலாத ஒன்றை வாக்களிக்கின்றது. அதனை நம்பிச் செயலாக்கக் கட்டணத்தைக் கட்டிய பின்னரே ஏழை விவசாயிக்கு உண்மை தெரிய வரும். யுத்தத்திலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்களின் நிலை வேறு. பிரதி எடுக்கும் சிரமத்தில் உள்ளவரிடம் ‘ஆவணம் இல்லாமலும் கடன்’ என்ற வாசகம் சென்று சேரும்போது அதன் கவர்ச்சி பன்மடங்காகின்றது.

மட்டக்களப்பு கடனின் கசப்பை அறியாத மாவட்டமன்று. நுண்கடன் தவணைகளைக் கட்ட இயலாது வடக்கு, கிழக்குப் பெண்கள் பட்ட துயரம் நாடறிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நிலுவைக் கடன்களை நீக்குவதற்கு அரசாங்கம் எடுத்த நடவடிக்கையில் மட்டக்களப்பும் அடங்கியிருந்தது. அதே ஆண்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கியும் நுண்கடன் நடைமுறைகளைக் கண்டித்திருந்தார். அக்கடன்களுக்கு ஈடு இருக்கவில்லை. குழு உறுப்பினரின் பிணையே இருந்தது. சிறு கடனை அடைக்கப் பெருங்கடன், பெருங்கடனுக்கு வீட்டு உறுதி என்ற படிக்கட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றிவிடுவதற்கு, தக்க தருணத்தில் வரும் ஒரு செய்தியே போதுமானது. தவணை தவறியவர்களின் பட்டியல் கையில் இருப்பவருக்கு அத்தருணம் எதுவென்றும் தெரியும். தனிப்பட்ட தரவு என்பது ஏதோ கொழும்புக் கணினி வல்லுநர்களின் விவகாரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

கடன் கொடுப்பதை மாத்திரம் தொழிலாகக் கொண்டு, வைப்புகளை ஏற்காத நிறுவனங்கள் பல நெடுங்காலம் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திர வரம்பிற்கு வெளியே இயங்கி வந்துள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சிறப்பு இவ்விடத்தில் தெரிகின்றது. யார் அனுமதிப்பத்திரம் பெற்றவர், யார் பெறாதவர் என்று அது பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் விபரத்தை வைத்திருப்பவர் எவராயினும் அவரை அது கட்டுப்படுத்தும்.

கடல் கடந்து செல்லும் மின்னஞ்சல்

இங்குள்ள வங்கிகள் வீடமைப்புக் கடனுக்கு விரும்பி நாடும் வாடிக்கையாளர்கள் புலம்பெயர்ந்தோர் ஆவர். கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ வீடு கட்ட நினைக்கும் ரொறன்ரோ வாசிக்கு மின்னஞ்சலே விளம்பரப் பாதை. அவ்வாறு அனுப்பும் இலங்கை நிறுவனம் தன்னை இலங்கைச் சட்டம் மட்டுமே கட்டுப்படுத்தும் என எண்ணிவிடலாகாது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள கனடாவின் வேண்டாவஞ்சல் தடைச் சட்டம், கனடாவிலுள்ள கணினியில் பெறப்படும் வர்த்தகச் செய்திக்கும் பொருந்தும். முன்சம்மதம், அனுப்புநரின் பெயர், தபால் முகவரி, விலகும் வழி ஆகியன இருக்க வேண்டும். விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறுவனமொன்றுக்கு 10 மில்லியன் கனேடிய டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஸ்காபரோவில் ஈட்டுக் கடன் முகவர்களாகத் தொழில் புரியும் நம்மவர்களும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர்களே. கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ சேகரித்த மின்னஞ்சல் முகவரி சம்மதமாகிவிடாது என்பதை அவர்கள் நன்கறிவர்.

அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பாதையில் சென்றது. அங்கே முன்சம்மதம் கட்டாயமன்று. ஆனால் தலைப்பு ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது, முகவரி இருக்க வேண்டும், விலகக் கேட்டவருக்கு 10 வேலை நாட்களின் பின் அனுப்பக் கூடாது. வீட்டு ஈட்டுக் கடன் விளம்பரங்களுக்கென 2011 இல் தனி விதியும் அங்கு வந்தது. வட்டி, கட்டணம், அரசுடனான தொடர்பு ஆகியவை பற்றித் தவறான தோற்றம் தருவதை அது தடுக்கின்றது; விளம்பரப் பிரதிகளை 24 மாதங்கள் பாதுகாத்து வைக்கவும் பணிக்கின்றது. 2012 இல் முன்னாள் படைவீரர்களையும் முதியோரையும் குறிவைத்து, அரச அறிவித்தல் போலத் தோன்றும் விளம்பரங்களைச் செய்த கடன் நிறுவனங்களுக்கு அந்நாட்டு அதிகாரிகள் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினர். பிரதிகளைப் பேணும் அந்த ஒரு விதியையாவது நாம் இரவல் பெறலாம். அனுப்பிய செய்தியை நிறுவனம் அழித்துவிட்டால், வாக்களித்தது என்ன என்று நிறுவ வாடிக்கையாளரின் பழைய தொலைபேசியைத் தவிர வேறு சான்று இல்லை.

அண்டை நாடான இந்தியாவிலோ 1909 என்ற ஒரே இலக்கத்தில் விளம்பரச் செய்திகளை மறுத்துவிட வழி உண்டு. கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொலைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என அந்நாட்டு ரிசேர்வ் வங்கி 2022 இல் பணித்தது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. யார், எப்போது, எம்மொழியில், எவ்வழிச் செய்திக்குச் சம்மதித்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். மறுத்தவர்களின் பட்டியலைத் தலைமையகத்தில் மட்டுமன்றிக் கிளைகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. விற்பனை இலக்கை எட்ட வேண்டிய வெளிக்கள உத்தியோகத்தர் தமது சொந்தத் தொலைபேசியிலிருந்து வட்ஸ்அப் மூலம் செய்தி அனுப்புகின்றார். தலைமையகத்தின் பதிவேட்டில் அது இடம்பெறுவதில்லை. அவரது பணிக்காக அனுப்பப்பட்ட செய்திக்கு நிறுவனமே பொறுப்பாளி என்பதில் ஐயம் வேண்டாம். அத்துடன் ஒரே தொலைபேசியைக் குடும்பமே பாவிக்கும் வீடுகளில், நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டு அனுப்பப்படும் ‘மறுகடன்’ அழைப்பு, ஒருவரது கடனை மாமியாருக்கும் மைத்துனருக்கும் பறைசாற்றிவிடுகின்றது. பெயரும் தொகையும் விளம்பரச் செய்தியில் இடம்பெறவே கூடாது.

செய்தியைப் பெற்றவர் அதனை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். திகதி தெரியும்படி படமெடுத்து வைப்பது மேலும் நல்லது. முதலில் நிறுவனத்திற்கே தமிழில் எழுத்துமூலம் மறுப்பைத் தெரிவித்து, எங்கிருந்து தமது இலக்கம் பெறப்பட்டது என்றும் கேட்கலாம். பதில் கிடைக்காதவிடத்து, அந்நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளதாயின், அவ்வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிட வழி உண்டு. செய்தி அறிமுகமற்ற பெயரில் வந்து, முற்பணம் கேட்குமாயின் அது விளம்பரமன்று, மோசடி; அதற்குரிய இடம் பொலிஸ் நிலையம்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுக்க வேண்டிய விதிகளில் ஒன்றை இப்போதே கேட்டு வைக்க விரும்புகிறோம். விளம்பரச் செய்திகளை நிறுத்துவதற்குப் பதிலாக அனுப்ப வேண்டிய சொல் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தரப்படுகின்றது. விளம்பரத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த நிறுவனத்திற்கு, மறுக்கும் வழியையும் தமிழில் எழுதத் தெரியாமல் இருக்க முடியாது. வெல்லாவெளியில் இருந்தோ வாகரையில் இருந்தோ ஒருவர் ‘வேண்டாம்’ என்று தமிழில் பதில் அனுப்பினால் அதுவும் சட்டப்படியான மறுப்பாக ஏற்கப்பட வேண்டும். எழுதத் தெரியாதவர் தொலைபேசியில் அழைத்து வாய்மொழியாகச் சொன்னாலும் அது பதிவு செய்யப்பட வேண்டும். அந்த அழைப்பிற்கு அவரிடம் ஒரு சதமேனும் அறவிடப்படலாகாது.